புத்தகம் நிறைந்த வீடும் புத்தகமே இல்லாத வீடும்: சார்த்தர், காம்யு

பிரெஞ்சு எழுத்தாளர்களான சார்த்தர், காம்யு இருவருக்கும் அப்பாவின் முகம் நினைவில் இல்லை. 1905-இல் பாரிஸில் பிறந்த சார்த்தருக்கு ஒன்றரை வயது ஆகும் முன்பே, கடற்படை அதிகாரியான தந்தை நோயில் இறந்தார். 1913-இல் அல்ஜீரியாவில் பிறந்த காம்யுவின் தந்தையை மறு ஆண்டே முதல் உலகப்போர் கொண்டுபோனது.

ஒற்றுமை அத்தோடு சரி. சார்த்தர் வளர்ந்தது தாத்தா ஷார்ல் ஷ்வைட்சரின் வீட்டில். ஜெர்மன் மொழி ஆசிரியர் அவர். படிக்கத் தெரியும் முன்பே புத்தகங்கள் பேரனைச் சூழ்ந்திருந்தன.

காம்யுவின் வீட்டில் புத்தகமே கிடையாது. அல்ஜியர்ஸின் பெல்கூர் பகுதியில் ஏழைக் குடும்பம். அம்மா காதரினுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, காதும் சரியாகக் கேட்காது. வீட்டுவேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். பாட்டி கண்டிப்பானவர், பேரனை வேலைக்கு அனுப்பவே நினைத்தார். ஆரம்பப்பள்ளி ஆசிரியர் லூயி ழெர்மென்தான் பாட்டியிடம் பேசிச் சம்மதம் வாங்கி, பையனை உதவித்தொகைத் தேர்வுக்குத் தயார் செய்தார். 1957-இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அம்மாவுக்கு அடுத்ததாக உங்களைத்தான் நினைத்தேன் என்று காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார்.

என் மனம் காம்யு பக்கமே சாய்கிறது. அவர் எழுத்தில் வரும் மௌனம் அந்த அம்மாவிடமிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். முடிக்காமல் விட்டுச்சென்ற கடைசி நாவலை, அதை ஒருபோதும் வாசிக்க முடியாத அவருக்கே சமர்ப்பித்திருந்தார்.