நோட்புக்கில் ஆர், ஜாவா சேர்க்க எந்த வழி தோது?

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் ஜூபிட்டர் நோட்புக் (நிரல், அதன் விளைவு, விளக்கம் மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கும் கருவி) என்றாலே பைத்தான் நிரல்மொழிதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தந்த மொழியின் நிரலை ஓட்டும் கெர்னல் என்ற பகுதி இருந்தால் ஆர், ஜாவா போன்ற வேறு மொழிகளும் அதில் ஓடும். அந்தக் கெர்னல் அடுத்தவர் கணினியிலும் அப்படியே கிடைக்க வேண்டுமே, பாடு அங்கேதான்.

ஓர் உதாரணம். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தினசரி நீர்மட்டத்தை அலச வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நம் மாவட்டத்துக்கு உண்டு என்பதால் சுவையான தரவு. புள்ளியியல் ஆசிரியருக்கு ஆர் வேண்டும், கணினித்துறை மாணவருக்கு ஜாவா.

முதல் வழி பைண்டர்: நம் கோப்புகள் இருக்கும் ஆன்லைன் களஞ்சியத்தை (ரிப்போ) பிரவுசரிலேயே நோட்புக்காகத் திறந்துதரும் சேவை. ரிப்போவில் என்விரான்மென்ட்.ஒய்எம்எல் கோப்பை (கோண்டா என்ற மென்பொருள் நிறுவிக்கான பட்டியல்) வைத்து, ஆர்-பேஸ், ஆர்-ஐஆர்கெர்னல் என்று இரண்டு வரி சேர்த்தால் ஆர் வந்துவிடும். சி பிளஸ் பிளஸ் வேண்டுமா, ஜீயஸ்-கிளிங் என்று ஒரு வரி. ஜாவாவுக்குத்தான் கொஞ்சம் கூடுதல் வேலை: அதே கோப்பில் ஓப்பன்ஜேடிகே சேர்த்து, மற்றவை நிறுவி முடிந்தபின் ஓடும் போஸ்ட்பில்ட் ஸ்கிரிப்டில் ஐஜாவா கெர்னலை இறக்கி நிறுவ வேண்டும். பிறகு ஒரு லிங்க் போதும், மாணவர் போனில்கூடத் திறக்கலாம். ஆனால் பைண்டரின் இலவசத் தளமான மைபைண்டரில் நினைவகம் 1 முதல் 2 ஜிபிதான். 10 நிமிடம் சும்மா இருந்தால் செஷன் மூடிக்கொள்ளும், சேமிக்காதது போய்விடும். குலசேகரம் பக்கம் மழை நேரத்தில் கரண்ட் போய் வைஃபை அணைந்தால் அவ்வளவுதான்.

இரண்டாவது, சொந்தமாக டாக்கர்ஃபைல் எழுதுவது. மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக (இமேஜ்) கட்டும் கருவி டாக்கர்; அந்தப் பொதியைக் கட்டும் குறிப்புதான் டாக்கர்ஃபைல். எந்த மொழியையும் எந்தப் பதிப்பிலும் வைக்கலாம். ஆனால் டாக்கர்ஃபைல் இருந்தால் பைண்டர் மற்ற அமைப்புக் கோப்புகளைக் கண்டுகொள்ளாது. ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) அல்லாத பயனரை உருவாக்குவதிலிருந்து நோட்புக்கை நிறுவுவது வரை எல்லாம் உங்கள் தலையில். எழுதியவர் வேலை மாறிப் போனால் அதைத் தொட ஆள் இருக்காது. கோண்டாவில் கெர்னல் கிடைக்கும் மொழிக்கு இந்தச் சுமை வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது வழிதான் நம் லேப்களுக்கு என் தேர்வு: ஜூபிட்டர் டாக்கர் ஸ்டாக்ஸ் என்ற ஆயத்த இமேஜ் தொகுப்பில் உள்ள டேட்டாசயின்ஸ்-நோட்புக் இமேஜ். பைத்தான், ஆர், ஜூலியா மூன்றும் அதில் தயாராக இருக்கின்றன. ஜாவா இல்லை; அதை மேலே ஓர் அடுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம். ஜிபி கணக்கில் பெரியது என்பதால் எல்லாக் கணினியிலும் தனித்தனியாக இறக்கினால் நெட் திணறும். ஒரு கணினியில் இறக்கி, டாக்கர் சேவ் கட்டளையால் ஒரே கோப்பாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் மற்றவற்றில் டாக்கர் லோட் கொடுங்கள். அதன்பின் நெட் இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கும். இறக்கும்போது லேட்டஸ்ட் என்ற டேக்கை (பதிப்பைக் குறிக்கும் பெயர்) நம்பாமல் தேதியிட்ட டேக்கையே எடுங்கள். அப்போதுதான் அடுத்த செமஸ்டரில் இன்னொரு கணினியில் நிறுவினாலும் அதே பதிப்பு வரும்.

வெளியூர் நண்பருக்குக் காட்ட மட்டும் முதல் வழியில் சொன்ன ரிப்போவின் பைண்டர் லிங்க்கை அனுப்புங்கள். பைண்டர் முதல்முறை எல்லாவற்றையும் நிறுவித் தயாராக (பில்டு) நேரமெடுக்கும், அதனால் அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள்.