மவுண்ட் ரோடு சந்தில் ஒரு துப்பாக்கிக் கடையும் தாத்தாவின் இரட்டைக் குழலும்

கடை பெயரைச் சொல்லாமல் கடையைப் பற்றி எழுதுவது அபத்தம்தான். ஆனால் முதலாளியே கேட்டுக்கொண்டார். "பேர் போட்டீங்கன்னா செல்ஃபி எடுக்கிறவன்தான் சார் வருவான். தோட்டா வாங்கறவன் ஏற்கெனவே வந்துட்டுதான் இருக்கான்." நியாயமான பேச்சு. எல்.ஐ.சி. கட்டடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சந்து, குறுகலான மாடிப்படி, இரும்புக் கதவு, அதைத் தாண்டினால் இன்னொரு இரும்புக் கதவு. லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த அடையாளம் போதும், மற்றவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

எனக்குப் பெரிய 'போர்' ரைஃபிள், அதாவது குழலின் துளை அகலமான வேட்டைத் துப்பாக்கி என்றால் பைத்தியம். சிலர் தூக்கம் வராமல் பழைய புல்லட் பைக் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள், நான் தோட்டா அட்டவணைகளைப் பார்ப்பேன். வேட்டையாடியது கிடையாது, ஆடப்போவதும் கிடையாது, 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, அது அப்படி இருப்பதுதான் சரி. நான் சுட்டதெல்லாம் கிளப்பில் 22 போர் (இந்த எண்கள் எல்லாம் அங்குலக் கணக்கில் துளை அகலம், 22 என்றால் 0.22 அங்குலம்). அந்தக் குண்டின் எடை 40 கிரெய்ன், இரண்டரை கிராம் சொச்சம். கிரெய்ன் கணக்கு நம் ஆட்களுக்குப் பிடிபடாது என்பதால் நான் எப்போதும் பவுனில்தான் சொல்வேன்: 22 போர் குண்டு ஒரு சின்னத் தோடு அளவு, பவுனில் மூன்றில் ஒரு பங்கு. புலி வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கையில் இருந்த 275 ரிக்பி ரைஃபிளின் குண்டு ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேல். 470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய தோட்டா என்றால் 500 கிரெய்ன், சுளையாக நாலு பவுன். 600 நைட்ரோ ஏழு பவுனைத் தாண்டும். 1988-ல் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற லண்டன் கம்பெனி கொண்டுவந்த 700 நைட்ரோவில் 1000 கிரெய்ன், எட்டுப் பவுன், ஒரு சங்கிலியையே குழலில் போட்டுச் சுடுகிற மாதிரி. அந்த எட்டுப் பவுன் எனக்குப் பிடிக்காது. இருக்கிறது என்று காட்டத்தான் அது ஆகும். 577 டைரனோசர் என்ற ராட்சதத் தோட்டாவைச் சுட்டுவிட்டு ஆட்கள் பின்னால் சாய்கிற வீடியோக்களும் அதே ரகம், ஒரு தடவை சிரிக்கலாம்.

எனக்குப் பிடித்தது வீட்டிலேயே இருக்கிறது. தாத்தா வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தார். அவர் வழியாக அப்பாவுக்கும், அப்பா போனபின் அக்காவிடமும் தம்பியிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, கமிஷனர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து எனக்கும் வந்தது, ஜெஃப்ரி கம்பெனியின் இரட்டைக் குழல் 450/400, மூன்று அங்குலத் தோட்டா. 450 அளவுத் தோட்டாவின் கழுத்தை இறுக்கி 400 குண்டை உட்காரவைத்தது, பெயரில் இரண்டு எண் இருப்பது அதனால்தான். குண்டு 400 கிரெய்ன், மூன்றேகால் பவுன், விநாடிக்குச் சுமார் 640 மீட்டர் வேகம். தோளில் விழுகிற உதை முப்பது-ஆறு (30-06) என்ற வழக்கமான வேட்டை ரைஃபிளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும், 470 அளவுக்குக் கடுமையில்லை. இந்தியக் காடுகளுக்கென்றே அளவெடுத்த மாதிரி என்று அந்தக் காலத்தில் பலர் வைத்திருந்தார்கள், கார்பெட்டிடமும் ஒரு ஜெஃப்ரி 450/400 இருந்தது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும், மன்னிக்கவும்.

பிரச்சினை இரண்டு. கைப்பிடியின் கழுத்துப் பகுதியில், இரும்பு முடிந்து மரம் தொடங்குகிற இடத்தில், மயிரிழை விரிசல். மூடினால் முன்பிருந்த அந்தக் கனமான 'டொப்' சத்தமும் இல்லை. இதற்கு முன்னால் வேறொரு ஊரில் ஒரு கடையில் கொடுத்து நான் பட்டதை ஒரே வரியில் சொல்கிறேன்: விரிசலுக்குள் பசையை ஊற்றி, அதன்மேல் டைனிங் டேபிளுக்கு அடிக்கிற வார்னிஷை அடித்து, செதுக்கிய கட்டங்கள் எல்லாம் மெழுகி, "புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க" என்று கொடுத்தார்கள். நூறு வருஷத்து வால்நட் கட்டை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் இந்த மவுண்ட் ரோடு கடைக்குப் பயந்துகொண்டேதான் போனேன். குழலைக் கழற்றினால் பெட்டி சின்னதாகிவிடும், ஆட்டோக்காரர் "கீபோர்டா சார், சர்ச்சுக்கா?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் புத்தகம் சட்டைப்பையில் இருந்தும் கை வியர்த்தது.

கவுன்ட்டரில் முதலாளி. உள்ளறையில் வேலை பார்க்கிற பாய், எழுபது வயதிருக்கும். பெட்டியைத் திறந்ததும் பாய் துப்பாக்கியைப் பார்க்கவில்லை, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் வார்னிஷை மோந்து பார்த்தார். "யாரு தம்பி இந்தப் பாவத்தைப் பண்ணது?" அந்த இடத்திலேயே நான் இந்தக் கடைக்கு அடிமை.

அப்புறம் சோதனை. முன்கட்டையைக் கழற்றிவிட்டு, குழலைப் பூட்டி, பின்பக்கம் விளக்கைக் காட்டினார். குழலின் அடிக்கும் அது போய் முட்டுகிற இரும்பு முகப்புக்கும் நடுவில் நூலிழை வெளிச்சம். ஜெராக்ஸ் பேப்பரில் ஒரு துண்டு கிழித்து நடுவில் வைத்து மூடி இழுத்தார், வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வந்துவிட்டது. இறுக்கமாக இருந்தால் பேப்பர் கிழிய வேண்டும். கீலின் ஆணி தேய்ந்திருக்கிறது, இந்த நிலையில் சுட்டால் ஒவ்வொரு வெடிக்கும் குழல் பின்னால் போய் முகப்பை அறையும், தேய்மானம் இன்னும் கூடும் என்றார். எனக்குப் புரிகிற மொழியில், அவசரப்படாமல், கையைப் பிடித்துக் காட்டிச் சொன்னார். இருபது வருஷமாக இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், பேப்பர் துண்டு சமாசாரம் எனக்குத் தெரியாது.

என் ரகசிய ஆசையை அப்போதுதான் வெளியே விட்டேன். பெட்டியில் தாத்தா காலத்து கைனாக் கம்பெனித் தோட்டா ஏழு இருந்தது. ரிப்பேர் முடிந்ததும் எங்கேயாவது அனுமதியோடு ஒரே ஒரு தடவை, இரண்டு குழலிலும் ஒவ்வொன்று.

இங்கே ஒரு வியாபாரி என்ன செய்திருப்பார்? தலையாட்டிவிட்டு வேலையை எடுத்துக்கொண்டிருப்பார். முதலாளி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தத் தோட்டாவுக்குள் இருப்பது கார்டைட் என்ற பழைய வெடிமருந்து, தூள் இல்லை, சேமியா மாதிரி நீளநீளமான இழை. அதற்குச் சூடு ஆகாது, வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். அதனால்தான் இந்தியாவுக்கென்று வெள்ளைக்காரன் மருந்தைக் குறைத்து வெப்ப நாட்டுத் தோட்டா என்று தனியாகப் போட்டான், அந்தக் காலத்துப் பெரிய தோட்டாக்கள் உள்ளே காலியிடத்தோடு பீப்பாய் மாதிரி இருப்பதற்கும் அதுதான் காரணம், 416 ரிக்பி நல்ல உதாரணம். அப்படிப்பட்ட மருந்து அறுபது எழுபது சென்னைக் கோடையை ஒரு மர பீரோவில் கழித்திருக்கிறது. "உங்க தாத்தா ஞாபகத்துக்கு வெச்ச பொருள் சார், உங்க முகத்துக்கு நேரா வெடிக்கவா?" என்றார். ஏழையும் பதிவேட்டில் எழுதி வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்.

வெளிநாட்டில் இந்த அளவு இப்போதும் தயாரிக்கிறார்களே, ஹார்னடி கம்பெனி போடுகிறதே என்று விடாமல் கேட்டேன். அதற்குப் பாய்தான் பதில் சொன்னார். இரட்டைக் குழல் இரண்டும் நேராக ஓடுவதில்லை, தூரத்தில் ஒரே இடத்தில் குண்டு விழும்படி முனைகளைக் கொஞ்சம் உள்வாங்கி ஈயத்தால் பற்றவைத்திருப்பார்கள். ஒருவன் சுட்டுப் பார்ப்பான், ஈயத்தை உருக்கி நடுவில் இருக்கிற ஆப்பை இம்மி நகர்த்துவான், மறுபடி சுடுவான். இப்படி நாள் கணக்கில். அதெல்லாம் ஒரு குறிப்பிட்ட குண்டு, ஒரு குறிப்பிட்ட மருந்துக்குச் செய்த பொருத்தம். தோட்டாவை மாற்றினால் புருஷன் கிழக்கே, பெண்டாட்டி மேற்கே. சரி என்று வாயை மூடிக்கொண்டேன். எப்படியும் இறக்குமதிக்கு வழியில்லை.

ஆறின டீயோடு நடந்த அரட்டைதான் இந்தக் கடையில் ரசீதில் வராத லாபம். கண்ணாடிப் பெட்டியில் மருந்து எடுத்த வெற்றுத் தோட்டாக்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1898-ல் ரிக்பி கொண்டுவந்த 450, பக்கத்தில் 465, 470, 475. ஏன் இத்தனை நெருக்கமான அளவுகள் என்று கேட்டால் முதலாளிக்குக் குஷி வந்துவிடும். மார்ட்டினி ஹென்றி என்ற பழைய பட்டாளத்துத் துப்பாக்கியும் 450 அளவுதான், அது கலகக்காரர்கள் கையில் நிறைய இருந்தது. தோட்டா அவர்களுக்குப் போய்விடக் கூடாது என்று 1907-ல் இந்தியாவுக்கும் சூடானுக்கும் 450 போர் வரக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. லண்டன் கம்பெனிகள் என்ன செய்தன? ஓட்டலுக்கு சீல் வைத்தால் பக்கத்துத் தெருவில் பெயருக்கு முன்னால் 'நியூ' சேர்த்துத் திறப்போமே, அதேதான். குண்டை இம்மி தடிப்பாக்கி 465 என்றும் 470 என்றும் விற்றார்கள். இன்றைக்கு ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமைக்கு இரட்டைக் குழல் என்றால் முதலில் சொல்வது 470-ஐத்தான், அதன் தலையெழுத்து நம் ஊருக்குப் போட்ட ஒரு தடையில் இருக்கிறது. இன்று கடிகாரத்துக்குப் பெயர்போன நம் மவுண்ட் ரோடு பி. ஓர் அண்ட் சன்ஸ், ஒரு காலத்தில் இங்கிலாந்தில் செய்த வேட்டைத் துப்பாக்கிகளைத் தன் பெயர் பொறித்து விற்றது என்பதும் அன்றைக்குத்தான் பேச்சில் வந்தது.

எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு சண்டை. முதலாளி 375 ஹாலண்ட் தோட்டாவின் கட்சி. 1912-ல் வந்தது, 300 கிரெய்ன், இரண்டரைப் பவுனுக்குச் சற்றே குறைவு, ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டை (தாழ்ப்பாள் மாதிரி) இழுத்துத் தள்ளுகிற ஒற்றைக் குழல் துப்பாக்கி, தூரத்துக்கும் ஆகும், கிட்டத்துக்கும் ஆகும், ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குக்குக் குறைந்தபட்சம் இதுதான் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள் என்பார். எல்லாம் உண்மை. ஆனால் இரட்டைக் குழலில் இரண்டு விசை, இரண்டு பூட்டு, இரண்டு குழல், அதாவது ஒரே கட்டையில் இரண்டு முழுத் துப்பாக்கி. ஒன்று வெடிக்காவிட்டால் போல்ட்டை இழுக்க வேண்டாம், விரலை நகர்த்தினால் போதும். ஒரு டன் காட்டெருது இருபது அடியில் நிற்கும்போது பன்முகத் திறமை யாருக்கு வேண்டும்? பாய் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டு பேரும் காட்டுப் பக்கமே போனதில்லை" என்று சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சரி, வேலை எப்படி? மூன்று வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. நடுவில் போன் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் "பாய் நமாஸுக்குப் போயிருக்கார்" என்பார்கள், அது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியாக இருந்தாலும். ரொக்கம் மட்டும். ரிப்பேருக்கு 18,500 ரூபாய் ஆனது, முதலில் சொன்னது 14,000. கேட்டதற்கு வார்னிஷ் எடுக்கவே எட்டு நாள் ஆயிற்று என்றார்கள், அதில் நான் வாயைத் திறக்க முடியவில்லை. ஏ.சி. அலங்காரத்துக்கு, மே மாதம் போனால் வெந்துவிடுவீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது.

ஆனால் கையில் வாங்கியபோது விரிசல் எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே பித்தளை ஊசி இறக்கி இழுத்துப் பிடித்திருக்கிறார், வெளியே ஒரு சுவடும் இல்லை. மெழுகிப்போன கட்டங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கீறியிருக்கிறார். வார்னிஷ் போய் ஆளி விதை எண்ணெய், கையால் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது, மரத்தின் வரிகள் வெளியே வந்துவிட்டன, பளபளப்பு இல்லை, ஒரு இருட்டான மினுக்கு. புது ஆணி கடைந்து போட்டு மூடிக் காட்டினார். 'டொப்'. பேப்பர் கிழிந்தது.

பராமரிப்புக்கும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: பெட்டிக்குள் பூட்டி வைக்காதே, உள்ளே இருக்கிற துணி ஈரத்தைக் குடிக்கும், இது கடற்கரை ஊர். பீரோவில் குழல் முனை கீழே பார்க்க நிறுத்து, இல்லாவிட்டால் எண்ணெய் இறங்கி மரத்தை ஊறவைத்து அழுக வைக்கும். சுட்டால் வெந்நீர் ஊற்றிக் கழுவணும், அந்தக் காலத்துத் தோட்டாவின் உப்பு எண்ணெயில் போகாது. அதைக் கேட்டதும்தான் பாட்டி சொல்கிற ஒரு கதை எனக்குப் புரிந்தது. தாத்தா காட்டிலிருந்து வந்தவுடன் கெட்டில் நிறையக் கொதிக்கிற தண்ணீர் கேட்பாராம், காபிக்கு என்று நினைத்து டிகாக்ஷன் இறக்கி வைத்தால், கெட்டிலை மட்டும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாராம்.

இன்னொரு சேவையும் உண்டு, உண்மையில் நான் இனி அடிக்கடி போகப்போவது அதற்குத்தான். தேர்தல் தேதி அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். ஸ்டேஷன் அறை எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இங்கே மாதம் 500 ரூபாய், தனித்தனி உறை, பாய் வாரம் ஒருமுறை துணியால் துடைக்கிறார், கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்கள் பதினொரு மணிக்கு மேல் போங்கள், வெள்ளி மதியம் வேண்டாம். லைசென்ஸ் ஜெராக்ஸ் இரண்டு. ஒப்படைத்த ரசீதை லேமினேட் செய்துவிடாதீர்கள், ஸ்டேஷனில் சீல் குத்த இடமில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்.