ஃபோர்மைக்கா ஒட்டுவதற்கு முன் பலகையைப் பாருங்கள்

திருகோணமலையிலோ அக்கம்பக்கத்திலோ மேசை செய்யக் கொடுக்க இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, பகலில் அலுவலக வேலை, இரவில் விமான சிமுலேட்டர் (கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள்) என்று ஒரே மேசையை இரண்டுக்கும் பாவிக்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். நகரத்தில் உள்ள ஒரு தளபாடப் பட்டறை, ஈரம் தாங்கும் மரைன் ப்ளைவுட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு மரத்தூள் பலகையில் மேசை செய்து தந்துவிட்டது. முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் எந்த வழியில் ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் அதே வழியில் உங்களை ஏமாற்ற முடியாது.

எங்கள் வீடு உப்புவெளியில். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறான், விமானி ஆக வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. சீனன்குடா விமான நிலையத்தில் இறங்கும் விமானத்தின் சத்தம் கேட்டால் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வெளியே ஓடுவான். எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரில் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தை எடுத்து, சீனன்குடாவின் 06 ஆம் ஓடுபாதையிலிருந்து ஏறி, திருகோணமலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறக்குவதுதான் அவனுடைய தினசரிப் பயிற்சி. அவனுக்காகத்தான் இந்த மேசை.

இதைச் சாதாரண எழுதும் மேசையாகச் செய்ய முடியாது. எழுதும் மேசையின் உயரம் 73 முதல் 75 சென்ரிமீற்றர். அதன் மேலே யோக்கை, அதாவது விமானத்தின் கைப்பிடிச் சக்கரத்தைப் பூட்டினால், கை நெஞ்சுக்கு நேரே வந்து தோள் வலிக்கத் தொடங்கும். செஸ்னாவில் அது மடிக்குச் சற்று மேலேதான் இருக்கும். அதனால் நடுவில் 65 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு இழுப்புத் தட்டு கேட்டேன். பகலில் அது மேசைக்குக் கீழே போய்விட வேண்டும், இரவில் வெளியே வந்து அசையாமல் பூட்டிக்கொள்ள வேண்டும். கீழே ரடர் பெடலுக்கு, அதாவது விமானத்தைத் திருப்பவும் பிரேக் பிடிக்கவும் காலால் மிதிக்கும் பெடலுக்கு, ஒரு கால்பலகை, அதையும் மேசைக் கால்களையும் இணைக்க ஒரு குறுக்குச் சட்டம். பிரேக்கை மிதிக்கும்போது பெடல் முன்னால் வழுக்கிக்கொண்டு போகாமல் இருக்க அந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும். எல்லாவற்றையும் அளவுகளோடு வரைந்து கொடுத்தேன். யோக்கின் படமும் அதில் இருந்தது. பட்டறை உரிமையாளர் அதில் கையெழுத்துப் போட்டார். விலைமதிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்: 18 மில்லிமீற்றர் மரைன் ப்ளை, மேலே வெள்ளை ஃபோர்மைக்கா, மொத்தம் ஒரு இலட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய், பாதி முற்பணம்.

சொன்ன திகதியில் மேசை வரவில்லை. அதை நான் பெரிதுபடுத்தவில்லை, மரவேலையில் அது நடக்கிறதுதான். லொறி வந்தபோது மேசை பார்க்க நன்றாகவே இருந்தது. விளிம்பெல்லாம் பட்டி ஒட்டி, கீழ்ப்பக்கத்துக்கும் ஃபோர்மைக்கா போட்டிருந்தார்கள். கீழ்ப்பக்கத்துக்கும் ஒட்டித் தருகிறோம், இலவசம் என்று அவர்களே சொன்னார்கள். உள்ளே என்ன பலகை என்று யாரும் பார்க்க முடியாதபடி அடைப்பதற்குத்தான் அந்த இலவசம். மீதிக் காசைக் கொடுத்த பிறகு வந்த பற்றுச்சீட்டில் “மேசை 1” என்று மட்டும் எழுதியிருந்தது. குறுக்குச் சட்டத்தைக் காணவில்லை. கேட்டதற்கு, கால் இடிக்கும் என்று விட்டுவிட்டோம் என்றார்கள்.

முதலில் தெரிந்த கோளாறு பலகையில் இல்லை, இழுப்புத் தட்டில். இறங்கும்போது ஓடுபாதைக்குச் சற்று மேலே யோக்கை மெல்ல இழுத்து மூக்கைத் தூக்க வேண்டும். மகன் இழுத்தால் சில வேளை விமானம் கேட்கும், சில வேளை கேட்காது. யோக்கில்தான் பிழை என்று நினைத்து மென்பொருளில் அதைத் திரும்பத் திரும்ப அளவுதிருத்தம் செய்தான். உண்மையில், பூட்டு இல்லாத சாதாரண லாச்சிச் சனலை, அதாவது இழுப்பறை ஓடும் தண்டவாளத்தை, போட்டிருந்தார்கள். யோக்கை இழுத்தால் தட்டும் சேர்ந்து வந்தது. தான்தான் பிழையாகப் பறக்கிறேன் என்று பிள்ளை தன்னையே நொந்துகொண்டிருந்ததுதான் எனக்கு மிகவும் மனவருத்தம்.

அப்புறம் மாரி வந்தது. யோக்கின் இடுக்கி கடிக்கும் இடத்தில் விளிம்புப் பட்டி தூக்கிக்கொண்டது. விரலால் தொட்டால் நனைந்த ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. மொனிட்டர் தாங்கியைப் பூட்டிய இடமும் மெல்லத் தாழ்ந்து, 32 அங்குலத் திரை ஒரு பக்கம் சரிந்து நின்றது.

ஏன் அப்படி ஆகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ப்ளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளை ஒன்றுக்கு ஒன்று குறுக்காக வைத்து ஒட்டியது. அதனால் எந்தப் பக்கம் வளைத்தாலும் தாங்கும், திருகாணியை இறுக்கிப் பிடிக்கும். மரத்தூள் பலகை, மரச் சிராய்களைப் பசையோடு சேர்த்து அழுத்தியது. அதன் மேல் புத்தகமும் மடிக்கணினியும் வைத்தால் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாது, அதனால்தான் பலருக்கு இந்த ஏமாற்று தெரிவதே இல்லை. ஆனால் யோக், திரைத்தாங்கி இரண்டும் சிறிய இடத்தில் கடித்து, இழுத்து, நெம்புகிறவை. அந்த நெம்பலுக்குச் சிராய்ப் பலகை உள்ளுக்குள்ளே நொறுங்கும். துளை வழியாக ஈரம் போனால் ஊதும், ஊதியது காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. கடற்கரையில் வாடைக் காற்று அடிக்கும் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பட்டறைக்காரரை வரவழைத்துக் காட்டினேன். “கேம் விளையாடினா மேசை உடையத்தானே செய்யும் தம்பி. நாங்க எழுதுற மேசைதான் செஞ்சு தந்தது” என்றார். அவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தை எடுத்து வைத்தேன். “சாமான் தட்டுப்பாடு, கிடைச்சதப் போட்டம்” என்றார். கிடைத்ததைப் போட்டால் காசையும் அதற்கேற்பக் குறைத்திருக்க வேண்டும், போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. தெரியாமல் நடந்த பிழையாக நான் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

பாலையூற்றில் ஒரு வயதான ஓடாவியாரைக் கூட்டி வந்தோம். அவர் கீழ்மூலையில் ஒரு துண்டை அறுத்து என் கையில் தந்தார். “இது பலகை இல்ல மகன், தூள்” என்றார். அவர்தான் இப்போது மேல்பலகையையும் தட்டையும் புதிதாகச் செய்து தந்திருக்கிறார். ஒட்டுவதற்கு முன் வந்து பாருங்கள் என்று அவரே கூப்பிட்டார். அறுத்த விளிம்பில் தகடு தகடாகக் கோடுகள் தெரிந்தன. அப்படித் தெரிந்தால் ப்ளைவுட், சிராய் சிராயாகத் தெரிந்தால் மற்றது. மிஞ்சிய துண்டை ஒரு இரவு தண்ணீர் வாளியில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது ஊதவில்லை. தட்டின் இரு பக்கமும் கொண்டி வைத்தார், குறுக்குச் சட்டத்தையும் பூட்டினார். இப்போது பெடலை எவ்வளவு மிதித்தாலும் அது அசைவதில்லை. நாற்காலிச் சில்லுகளை மட்டும் கழற்றிவிட்டோம், பிரேக் மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும்.

ஆகவே, மீதிக் காசில் ஒரு பகுதியைப் பலகையை நிர்வாணமாகப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டில் பலகையின் வகையும் தடிப்பும் இருக்க வேண்டும். அந்த வாட்ஸ்அப் செய்தி இல்லாவிட்டால் என் முறைப்பாட்டுக்கு ஆதாரமே இருந்திராது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அவசர இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். “அடுத்த கிழமை வந்து சரிசெய்து தருகிறோம்” என்று பட்டறை இழுத்தடித்தால், அந்த மூன்று மாதம்தான் கரைகிறது. நான் வரைபடம், வாட்ஸ்அப் செய்தி, பற்றுச்சீட்டு, உதிர்ந்த விளிம்பின் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்படி ஒரு மேசை செய்ய நினைப்பவர்கள் கேட்டால் என் வரைபடத்தை அளவுகளோடு அனுப்பிவைக்கிறேன். ஏற்கெனவே இதேபோல மேசை வாங்கி, உள்ளே என்ன பலகை என்று சந்தேகப்படுகிறவர்கள், கேபிளுக்குப் போட்ட துளைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பட்டி ஒட்டியிருக்க மாட்டார்கள்.