வேலூர் வட்டாரத்தில் விவாகரத்து வக்கீல்: யாரிடம் போகலாம், எதைப் பார்க்க வேண்டும்

"நல்ல வக்கீல் யாரு?" என்று கேட்பதற்கு முன்னால், வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டையோடும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூரோடும் போய்விட்டன. ஆனால் மாவட்ட எல்லையை மட்டும் வைத்துக் கோர்ட்டை முடிவு செய்ய முடியாது. இந்து திருமணச் சட்டம் 19ஆம் பிரிவுப்படி கல்யாணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு குடியிருக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றில் மனு போடலாம். மனு போடுவது மனைவியாக இருந்தால், அவர் இப்போது இருக்கும் ஊரிலேயே போடலாம். சென்னையில் கல்யாணம், பெங்களூரில் குடித்தனம் என்று இருந்துவிட்டுக் குடியாத்தத்தில் தாய் வீட்டுக்கு வந்துவிட்ட பெண், இரண்டு ஊருக்கும் அலைய வேண்டியதில்லை. இதை முதல் பத்து நிமிஷத்தில் கேட்காத வக்கீலிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள்.

வேலூர் கோர்ட் என்று தெரிந்துவிட்டால் சத்துவாச்சாரி வளாகத்துக்கே போய்விடுங்கள். காலை பத்தரை மணிக்குக் குடும்ப நல நீதிமன்றத்தின் வெளியே அரை மணி நேரம் நின்றாலே போதும். கட்சிக்காரர் பெயரைக் கூப்பிடும்போது கூடவே உள்ளே போகிறவர் யார், ஜூனியரை அனுப்பி வாய்தா மட்டும் வாங்குகிறவர் யார் என்று தெரிந்துவிடும். எங்கள் தேர்வு, இந்தக் கோர்ட்டில் தினமும் நிற்கிறவர்தான். சிவில், கிரிமினல் என்று எல்லாவற்றையும் பார்க்கும் பெரிய ஆபீஸில் உங்கள் வழக்கு ஜூனியர் கையில்தான் இருக்கும். குடும்ப நல நீதிமன்றத்தில் கவுன்சலிங்குக்கு நீங்கள்தான் நேரில் உட்கார வேண்டும். நீதிபதியும் உங்களிடமே பேசுவார். "நீங்க வரவே வேணாம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்பவர் அந்தக் கோர்ட்டின் நடைமுறை தெரியாதவர்.

இணையத்தில் வரும் பட்டியலையும் நட்சத்திர மதிப்பீட்டையும் நம்பிப் போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. ஆன்லைன் தளங்கள் வழியாக வேலை பிடிப்பதை 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் கண்டித்தது.

வக்காலத்தில், அதாவது உங்களுக்காக வழக்கு நடத்த வக்கீலுக்கு அதிகாரம் தரும் படிவத்தில், கையெழுத்துப் போடும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வக்காலத்துப் படிவத்தோடு நாலைந்து வெள்ளைத் தாளையும் சேர்த்துக் குமாஸ்தா நீட்டுவார். வெள்ளைத் தாளில் கையெழுத்து வேண்டாம். மனு டைப் ஆகி வந்தபின் ஒவ்வொரு பக்கமும் படித்துவிட்டுப் போடுங்கள். குறிப்பாகப் பிரிந்த தேதி, கடைசியாகச் சேர்ந்திருந்த முகவரி, குழந்தையின் வயது மூன்றையும் பாருங்கள். மனுவில் ஒரு தேதி, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் வேறு தேதி என்று இருந்தால் குறுக்கு விசாரணையில் முதல் அடி அங்கேதான் விழும். கல்யாணப் பத்திரிகை, மாலையோடு எடுத்த போட்டோ, பதிவுச் சான்று இருந்தால் அது, இரு தரப்பு முகவரிச் சான்று, இவையெல்லாம் முதல் நாளே கையில் இருக்கட்டும். ஒன்று குறைந்தாலும் மனு ரிட்டர்ன் ஆகலாம், அதாவது கோர்ட் அலுவலகம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும், வழக்கு எண் கிடைக்காது. மனு ரிட்டர்னில் கிடப்பது தெரியாமல் "கேஸ் ஓடுது" என்று நம்பிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அதனால் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சி.என்.ஆர். நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஈ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா வரை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஃபீஸை மனு தாக்கல், கவுன்சலிங், விசாரணை, தீர்ப்பு என்று கட்டம் கட்டமாகப் பேசி எழுதி வாங்குங்கள். ஜீவனாம்சத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். வழக்கின் முடிவை வைத்து ஃபீஸ் பேசுவது வக்கீல் தொழில் விதிக்கே விரோதம். ஜீவனாம்சம் கேட்கிறவரானாலும் கொடுக்கிறவரானாலும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் தயாரிக்க உங்கள் வக்கீல் எத்தனை கேள்வி கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., கடன் என்று குடைந்து கேட்கிறவரே வேலை தெரிந்தவர்.

பரஸ்பர சம்மதம் என்றால் ஒரு வருஷமாவது பிரிந்து இருந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகி, சமரசம் தோற்று, பணமும் குழந்தையும் பேசி முடித்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது. இது தெரியாத வக்கீல் உங்கள் அரை வருஷத்தைத் தின்றுவிடுவார். தீர்ப்பு வரும் வரை சம்மதத்தை யார் வேண்டுமானாலும் வாபஸ் வாங்கலாம். எனவே முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுக்காதீர்கள். டி.டி. நம்பரோடு எழுதி, கடைசி விசாரணை அன்று நீதிபதி முன்னால் கொடுக்க வைப்பவரே சரியான வக்கீல். நகையும் அப்படித்தான்: எடை போட்ட பட்டியலோடு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். நோட்டரியிடம் முத்திரைத்தாளில் "விடுதலை" எழுதித் தருகிறேன் என்பவர்களை அண்டவே வேண்டாம். அந்தத் தாளை நம்பி மறுகல்யாணம் செய்தால் இரண்டாவது வாழ்க்கையும் சிக்கலாகும்.

இந்து திருமணச் சட்டம் எல்லோருக்கும் பொருந்தாது: விவாகரத்துக்குக் கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் ஆண்டுச் சட்டம், முஸ்லிம் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டுச் சட்டம். இந்தச் சட்டங்களின் கீழ் இதற்கு முன் நடத்தியிருக்கிறாரா என்று வக்கீலிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கையில் காசு இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. இலவசம் என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் யார் வருகிறார் என்பது உங்கள் கையில் இல்லை. வந்தவர் சரிவர நடத்தாவிட்டால் ஆணைக்குழுவிலேயே எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள்.

ஃபீஸ் கொடுத்து வைத்த வக்கீலையும் மாற்றலாம். ஆட்சேபணை இல்லை என்று பழைய வக்கீலிடம் எழுதி வாங்கி, புது வக்காலத்துப் போட வேண்டும். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி அவர் ஃபைலைப் பிடித்து வைக்க முடியாது. 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது.