அனைவருக்குமான சமூக விழா: வசதிகள் குறித்த ஒரு மதிப்பீடு

நுழைவுக் கட்டணமின்றித் தன்னார்வலர்களே நடத்தும் இந்தச் சமூக விழாவில், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகள் கடைசி நேரச் சேர்க்கையாக அல்லாமல் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டிருந்தன. மேடைக்கான சாய்தளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற அளவில் அமைந்திருந்ததால், சக்கர நாற்காலியில் வந்த கலைஞர்கள் எவர் கையையும் எதிர்பாராமல் மேடையேறினார்கள். பார்வையாளர்களை மட்டும் நினைத்துக் கலைஞர்களை மறந்துவிடும் விழாக்களே அதிகம், ஐ.நா.வின் 2006ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவோ, கலையை நுகர்வதோடு படைப்பதையும் சேர்த்தே பேசுகிறது. இரைச்சலிலிருந்து ஒதுங்கி இளைப்பாற ஓர் அமைதி அறையும் இருந்தது.

குறை, சைகை மொழிபெயர்ப்பில். மூளையையும் கைகளையும் ஒருசேரக் களைக்கச் செய்யும் பணி என்பதால், நீண்ட நிகழ்ச்சிகளில் இருவர் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொள்வதே வழக்கம். இங்கே ஒருவரே மாலை முழுவதும் நின்றார். பிற்பகுதியில் பாடல் வரிகள் பல விடுபட்டன. அமைப்பாளர்களின் நெருக்கடி புரிகிறது: சாய்தளத்தை ஒருமுறை செய்தால் ஆண்டுக்கணக்கில் உதவும், மொழிபெயர்ப்பாளர் ஊதியத்தையோ ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் திரட்ட வேண்டும், நன்கொடையாளர்களுக்கோ தங்கள் பெயரைப் பொறிக்க இடமுள்ள பொருள்கள்மீதுதான் பிரியம். ஆனாலும், அலங்கார விளக்குகளைச் சற்றுக் குறைத்திருந்தால் இரண்டாமவரை அமர்த்தியிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். அடுத்த விழாவில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் உறுதியானால், செவித்திறன் குறைந்த நண்பர்களுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.