டாஸ் 1.3-க்கு 4ஏ-எஃப்இ இன்ஜின்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டொயோட்டா டாஸ் என்ற சின்னக் கார் வைத்திருப்பவரிடம் இன்ஜின் மாற்றும் பேச்சை எடுத்தால் முதலில் காதில் விழுவது '20 வால்வு', அதாவது டொயோட்டாவின் வேகமான 4ஏ-ஜிஇ இன்ஜின். சாட்ஸ்வொர்த்தில் என் காரைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணனும் "தம்பி, போடுறதுன்னா அதைப் போடு" என்றுதான் ஆரம்பித்தார். நான் எடுத்தது டொயோட்டாவின் சாதாரண 1.6 லிட்டர் இன்ஜினான 4ஏ-எஃப்இ. கையில் பணம் அளவாக இருப்பவருக்கு இன்றும் அதையே சொல்வேன்.

டாஸ் 1996 முதல் 2006 வரை இங்கேயே, டர்பனின் பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில் உருவான கார். என்னுடையதில் இருந்தது 2இ என்ற 1.3 லிட்டர் இன்ஜின்: 1295 சிசி, கார்புரேட்டர். அதே பாடியில் கம்பெனியே 1.6-ஐயும் போட்டு விற்றது. இதுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. இன்ஜினைத் தாங்கும் மவுண்ட், வயரிங், ரேடியேட்டர், சைலன்சர் குழாய் என எதையும் வெட்டி ஒட்ட வேண்டியதில்லை. காயலான் கடையில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு 160ஐ-யில் (அந்த 1.6 மாடலின் பெயர்) எல்லாமே இருக்கிறது.

இன்ஜினை மட்டும் தனியாக வாங்கினால் செலவு ஏறிக்கொண்டே போகும். 2இ-யும் 4ஏ-யும் வேறு வேறு குடும்பம், பழைய கியர்பாக்ஸ் சேராது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினிலேயே இருக்கும், அழுத்தமும் குறைவு. 4ஏ-எஃப்இ-யில் இருப்பது பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன்; அதற்கு டேங்க்கில் மின்சார பம்ப்பும், மிச்சப் பெட்ரோல் திரும்பி வர ஒரு குழாயும் வேண்டும். அதனால் இன்ஜின், கியர்பாக்ஸ், டிரைவ்ஷாஃப்ட், ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி), முழு வயரிங், டேங்க், முன் பிரேக் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து எடுப்பதுதான் மலிவு.

20 வால்வு அருமையான இன்ஜின், அதில் சந்தேகமே இல்லை. அதே 1587 சிசியில், அதன் சில்வர்டாப் வகை நிமிடத்துக்கு 7400 சுற்றில் 160 குதிரைத்திறன் தரும். சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில் (காற்றை விடும் கதவு). அந்தச் சத்தத்துக்கே ஆசைப்படலாம். ஆனால் அந்த நான்கையும் சமன் செய்து வைக்க வேண்டும், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி கப்பி பழசானால் கடகடக்கும், கம்ப்ரெஷன் விகிதமும் 10.5 என அதிகம். ஜப்பானிலிருந்து வரும் இன்ஜின் எவ்வளவு ஓடியது என்று யாருக்கும் தெரியாது. தினமும் வேலைக்குப் போகும் வண்டிக்கு இவ்வளவு தேவையில்லை. 4ஏ-எஃப்இ-யின் 9.5 கம்ப்ரெஷனுக்கு 93 ஆக்டேன் பெட்ரோலே போதும்.

வாங்குமுன் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) கட்டாயம். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து உள்ளே கருங்கசடு இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் தரையில் இருக்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் பின்பக்க சீல், கிளட்ச் நான்கையும் புதுசாக்கிவிடுங்கள். ஏற்றிய பிறகு அந்த சீல் ஒழுகினால், சின்னச் சாமானுக்காக கியர்பாக்ஸையே இறக்க வேண்டிவரும்.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்ஜின் எண் எழுதிய ரசீது இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். போலீஸ் கிளியரன்ஸ் எடுத்து, பதிவில் புதிய எண்ணை ஏற்றி, காப்பீட்டுக்காரரிடமும் சொல்லிவிட வேண்டும். திருட்டு இன்ஜின் என்று தெரிந்தால் வண்டியே போய்விடும்.

சரி, ஓட்டம் எப்படி? பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் பழைய 1.3 மூச்சுத் திணறும். இப்போது ஆள் நிறைந்திருந்தாலும் கியரை அடிக்கடி இறக்காமல் ஏறுகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில் ஏற்றத்தில் வெயில் நேரத்திலும் வெப்பமுள் அசையாது, 1.6-இன் ரேடியேட்டர் போட்டதால். ஜோஹானஸ்பர்க் போனால் கொஞ்சம் சோம்பல் தெரியும். 1700 மீட்டருக்கு மேல் காற்று மெலிதாகிவிடுகிறது, டர்போ இல்லாத எந்த இன்ஜினுக்கும் அப்படித்தான்.

குறை ஒன்று உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்ச நேரம் நீலப் புகை வந்தது. வால்வு சீல் இறுகிப்போய் ஆயில் உள்ளே இறங்குவது இந்த வயது 4ஏ-யில் சகஜம். சீல் மாற்றியதும் நின்றது. இப்போதும் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவை வாராவாரம் பார்க்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டரின் ஓ-ரிங்கில் லேசாகக் கசிவு தெரிகிறது, அடுத்த சர்வீஸில் மாற்ற வேண்டும்.

பின்னால் ஆசை வந்தால் 1762 சிசி 7ஏ-எஃப்இ-க்குப் போகலாம். அதுவும் ஏ குடும்பம்தான், இப்போது செய்த வேலையில் பெரும்பகுதி அதற்கும் உதவும்.