காக்கை எச்சம் தின்ற பெயிண்ட்: கை பாலிஷா, மெஷினா, வாட்டர் பேப்பரா, புதுப் பெயிண்டா?

கிருஷ்ணகிரி, சந்தூர் பக்கம் மாம்பழக் காலத்தில் மரத்தடியில் நிற்கிற காருக்கு அடி இரண்டு பக்கமும் விழுகிறது. மேலே பழம் தின்னும் பறவைகள், சுற்றிலும் சித்திரை வெயில். எச்சத்தில் உள்ள அமிலம் மட்டுமே பெயிண்டைக் கெடுப்பதில்லை. பகல் சூட்டில் பெயிண்டின் மேல்பூச்சான கிளியர் கோட் இளகி விரிகிறது. ராத்திரி குளிர்ந்து இறுகும்போது, மேலே காய்ந்து ஒட்டியிருக்கும் எச்சத்தின் மேடுபள்ளத்தை அப்படியே அச்செடுத்துக்கொள்கிறது. பகலில் காய்ந்து இரவில் சில்லிடும் ஓசூரில் இந்த விரிதலும் சுருங்கலும் தினம் நடக்கும். அதனால்தான் கழுவிய பிறகும் அந்த இடம் தெரிகிறது. அது கறை இல்லை, குழி.

குழியை யாரும் நிரப்புவதில்லை. கை பாலிஷ், மெஷின், வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) மூன்றும் செய்வது ஒரே வேலைதான்: சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்துக் குழியின் அடிமட்டத்துக்கு இறக்குவது. கம்பெனி பெயிண்டில் கிளியர் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. தேய்த்தது திரும்ப வளராது. எனவே ‘எது நன்றாகப் பளபளக்கும்’ என்று கேட்காமல், ‘எதைச் செய்தால் குறைவாகத் தேயும்’ என்று கேட்டு முடிவெடுங்கள்.

முதலில் ஆழம் பார்க்க வேண்டும். காரைக் கழுவித் துடைத்து, நிழலில் ஆறவிட்டு, தழும்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தண்ணீருக்கு அடியில் தழும்பு மறைந்தால் பெரும்பாலும் பாதிப்பு கிளியரின் மேல்பகுதியோடு நிற்கிறது. நனைந்தும் நிறம் வெளிறியே தெரிந்தால், அல்லது விளிம்பில் கிளியர் உரிந்திருந்தால், பாலிஷுக்குச் செலவழிக்காதீர்கள். நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள்: நகம் தடுக்காவிட்டால் பாலிஷிலேயே போக வாய்ப்பு உண்டு, தடுத்தால் பேப்பர் பேச்சு வரும்.

கை பாலிஷ் நேற்று விழுந்து இன்று கழுவிய லேசான தழும்புக்குச் சரி. ஃபோம் பேடில் பட்டாணி அளவு கம்பவுண்ட் (பெயிண்டைத் தேய்க்கும் பசை) எடுத்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, ஒரு அடிக்கு ஒரு அடி பரப்பில் நேர்கோட்டில் ஒன்று, ஒன்றரை நிமிடம் தேய்க்க வேண்டும். ஒரு விரலால் குழியின் மேலேயே அழுத்தினால் அங்கே புதுப் பள்ளம்தான் விழும். கையால் தேயும் அளவு மிகக் குறைவு. அதுவே இதன் பலம், அதுவே இதன் எல்லை. வாட்டர் வாஷில் போட்டுத் தரும் மெழுகுப் பாலிஷை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது குழிக்குள் எண்ணெயும் மெழுகுமாக உட்கார்ந்து தழும்பை மறைக்கும், நாலு கழுவலில் தழும்பு திரும்பி வரும். டூத் பேஸ்ட்டும் தின்னரும் வேண்டவே வேண்டாம். ஒன்று கீறும், மற்றொன்று பழைய ரீபெயிண்டை இளக்கிவிடும்.

நடுத்தரத் தழும்புக்கு மெஷின்தான். அதிலும் இரண்டு வகை. பட்டறைகளில் பரவலாக இருப்பது ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பஃபிங் மெஷின். நல்ல வேகத்தில் அறுக்கும். ஆனால் உல்லன் பேடோடு ஒரே இடத்தில் நின்றால் சில நொடியில் கிளியர் கருகும், கருப்புக் காரில் வெயிலடித்தால் சிலந்தி வலை மாதிரி சுழிக் கோடுகள் தெரியும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே ஆடுவதால் சூடு குறைவு. மெதுவானது, கை கொஞ்சம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும். எச்சத் தழும்புக்கு நம் தேர்வு இதுதான். பானட் விளிம்பிலும் பாடி லைனிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பேடில் நாலு சொட்டுக் கம்பவுண்ட், ஒன்றரை அடிச் சதுரம், குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து முறை. பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். துடைக்காமல் பார்த்தால் எண்ணெய்ப் பளபளப்பு ஏமாற்றும். இரண்டு சுற்றில் தழும்பு எண்பது சதவீதம் மங்கிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். மிச்ச இருபதுக்காக இன்னும் தேய்ப்பது நஷ்டம்.

கிரானைட் லாரிகள் ஓடும் ரோட்டோரத்தில் நிற்கும் காரென்றால் தொடங்கும் முன் இரண்டு முறை நன்றாகக் கழுவ வேண்டும். பேடில் சிக்கும் ஒரு துகள் போதும், பானட் முழுக்கக் கோடு போட. போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடையுங்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும், எது எச்சம் எது உப்பு என்றே தெரியாது.

நகம் தடுக்கும் குழிக்கு வாட்டர் பேப்பர். 2000 நம்பர் பேப்பரைச் சில சொட்டு ஷாம்பு விட்ட தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சின்ன ரப்பர் கட்டையில் சுற்றி, அழுத்தாமல் ஒரே திசையில் பத்துப் பதினைந்து இழுப்பு. துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள். தேய்ந்த இடம் முழுக்க மங்கலாக வெளுத்திருக்கும், நடுவில் குழி மட்டும் பொட்டு மாதிரி மின்னும். பேப்பர் இன்னும் அங்கே எட்டவில்லை என்று பொருள். அந்த மின்னல் சுருங்கிச் சுருங்கிக் கடுகளவு ஆனதும் நிறுத்தி, 3000 நம்பரால் பேப்பர் போட்ட கீறல் கோடுகளை மெலிதாக்கி, மெஷினில் கம்பவுண்ட் போட வேண்டும். வழியும் தண்ணீர் பால் மாதிரி இருக்கும் வரை கிளியர்தான் தேய்கிறது. கார் நிறம் கலந்து வந்தால் கிளியர் முடிந்தது, அந்தக் கணமே கையை எடுங்கள். (கிளியர் இல்லாத பழைய வெள்ளை வேன், பிக்கப்களில் முதல் இழுப்பிலேயே நிறம் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம்.) ஏற்கெனவே ரப்பிங் (கம்பவுண்ட் தேய்ப்பு) போட்ட காருக்குப் பேப்பர் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷும் கிடையாது, பேப்பரும் கிடையாது.

நிறம் போய்விட்டால் பெயிண்ட்தான். டச்சப் பேனா கல்லடிப் புள்ளிக்கு உதவும். காசளவு எச்சத் தழும்பில் தடவினால் திட்டாக நிற்கும். எனவே பேனல் முழுக்க அடிக்க வேண்டும்: உரிந்த கிளியரைத் தேய்த்து எடுத்து, பேஸ் கோட் (நிறப் பூச்சு) இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஆறவிட்டு, மேலே ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த கிளியர். பானட்டைக் கழற்றி அடிக்கலாம், ரூஃபைக் கழற்ற முடியாது. சில்வர், பேர்ல் நிறங்களில் பக்கத்து ஃபெண்டரிலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி மறையும்படி அடிக்காவிட்டால் நிற வித்தியாசம் கண்ணை உறுத்தும். பூத் (தூசி புகாத பெயிண்ட் அறை) இருக்கும் இடத்தில்தான் கொடுக்க வேண்டும். திறந்த ஷெட்டில் தூசி படியும், ஐப்பசி மழை ஈரத்தில் கிளியர் வெளுத்துப் போகும். விற்கும்போது வாங்குபவர் பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்தால் கம்பெனி பெயிண்டைவிட எண் கூடுதலாகக் காட்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

புதிதாக அடித்த கிளியர் முழுதாக இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை மெழுகும் போடக் கூடாது. அந்த நாட்களில் எச்சம் வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். புளியமர நிழலை விட்டு வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள். விழுந்துவிட்டால் ஈரத் துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுங்கள். உள்ளே இருக்கும் விதையும் மணலும் அந்தப் பெயிண்டைச் சுலபமாகக் கீறிவிடும்.